எம்எஃப்ஏ போட்டுவிட்டால் பல்கலைக்கழகத் தரவு பத்திரமா?

அடுத்த பருவத்திலிருந்து எல்லா லாகினுக்கும் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) கட்டாயம் என்று உங்கள் பல்கலைக்கழகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. “என் பாஸ்வேர்டே 20 எழுத்து. அதற்கு மேல் என் சொந்த போனில் எதற்கு இன்னோர் ஆப்? சரி, போட்டுத் தொலைக்கிறேன் என்றால், அதோடு என் ஆய்வுத் தரவு பத்திரம் என்று நிம்மதியாக இருக்கலாமா?” என்பது உங்கள் கேள்வி. ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: பாஸ்வேர்டு மட்டும் ஏன் போதாது, அந்த ஆப் உங்கள் போனுக்குள் என்ன செய்யும், லாகின் பாதுகாப்பும் தரவுப் பாதுகாப்பும் ஒன்றுதானா. முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் உண்டு. மூன்றாவதற்குப் பதில் ‘இல்லை’. அதைத்தான் சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

20 எழுத்து பாஸ்வேர்டு ஊகித்துப் பார்ப்பவனைத் தடுக்கும். ஏதோ ஒரு சர்வரிலிருந்து திருடிய ஹேஷ் பட்டியலை (பாஸ்வேர்டுகளின் உருமாற்றிய வடிவம்) வைத்து உடைக்கப் பார்ப்பவனையும் தடுக்கும். ஆனால் உரியவரே போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டால், 8 எழுத்தும் 20 எழுத்தும் ஒன்றுதான். பல்கலைக்கழகங்களுக்கு இது எந்த அளவில் நடந்திருக்கிறது என்பதற்கு, 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் 9 பேர் மீது பதிந்த குற்றச்சாட்டைப் பாருங்கள். 2013-இல் தொடங்கிய வேலை. குறிவைத்த பேராசிரியர் கணக்குகள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் சுமார் 8,000 கைக்குள் வந்தன. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், வேறு 21 நாடுகளில் 176. வெளியே போன தரவு 31.5 டெராபைட் என்று குற்றப்பத்திரிகை சொல்கிறது. இதற்கெல்லாம் தேவைப்பட்ட நுட்பம் மிக எளிது. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவதுபோல ஒரு மடல்: அண்மையில் வெளிவந்த உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, தொடர்புள்ள சில கட்டுரைகளுக்கு இணைப்பு தருகிறேன். இணைப்பைத் தட்டினால் உங்கள் பல்கலைக்கழகத்தின் லாகின் பக்கம் மாதிரியே ஒன்று வரும். ‘செஷன் முடிந்துவிட்டதுபோல’ என்று நினைத்து மறுபடி பாஸ்வேர்டு போடுவீர்கள். கட்டுரையைப் பாராட்டி வரும் மடலைச் சந்தேகிக்கிற கல்வியாளர் குறைவு!

இதைத் தடுக்கத்தான் இரண்டாம் படி. பாஸ்வேர்டு போனாலும், உங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருள் இல்லாமல் உள்ளே வர முடியாது என்பது கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரியாக வரும் என்பது, நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றையும் ‘எம்எஃப்ஏ’ என்ற ஒரே பெயரில் சுற்றறிக்கைகள் அழைப்பதால் இந்த வேறுபாடு பலருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

முதலில் போன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உங்களைப் போடச் சொல்லும் ஆப் மூன்றில் ஒன்றாக இருக்கும். வெறும் 6 இலக்க எண்ணை மட்டும் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப், க்யூஆர் படத்தைப் படிக்கக் கேமரா அனுமதி கேட்கும். அதற்குப் பிறகு இணையமே தேவையில்லை, விமானப் பயன்முறையிலும் எண் வரும். பல்கலைக்கழகத்துக்கு அதன் வழியாக உங்களைப் பற்றி எதுவும் போகாது. இரண்டாவது வகை, ‘நீங்கள்தானா?’ என்று அறிவிப்பு அனுப்பும் ஆப். இதற்கு இணையம் வேண்டும். உங்கள் ஐபி முகவரி, போனின் இயங்குதளப் பதிப்பு, திரைப்பூட்டு இருக்கிறதா என்பன போன்ற விவரங்கள் நிர்வாகிக்குத் தெரியலாம். சில நிறுவனங்கள் இருப்பிடத்தையும் கேட்கும்படி அமைக்கின்றன. உங்கள் படங்களையோ சொந்தச் செய்திகளையோ இந்த இரண்டு வகையும் பார்ப்பதில்லை. மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: சாதன நிர்வாகம். நிறுவும்போது ‘டிவைஸ் அட்மின்’ அனுமதி கேட்டாலோ, தனியாக ‘வொர்க் புரொஃபைல்’ உருவாக்கினாலோ, அது வெறும் லாகின் ஆப்பாக இல்லை; நிறுவனத்தின் விதிகளை உங்கள் போனில் அமல்படுத்தும் ஏற்பாடு. பல்கலைக்கழக மடல் கணக்கைப் போனின் சொந்த மெயில் ஆப்பில் எக்ஸ்சேஞ்ச் முறையில் சேர்க்கும்போது, தொலைவிலிருந்து போனை அழிக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்பது உண்டு. பலர் அதைப் படிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்டு ஆத்தென்டிகேட்டர் மீது பழிபோடுகிறார்கள்.

ஆகவே கணினி மையத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே. எந்த ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் செல்லுமா, நீங்கள் சொல்வதுதான் செல்லுமா? போன் வேண்டாம் என்பவருக்கு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி (கணினியில் செருகி அடையாளத்தை உறுதிசெய்யும் சிறு கருவி) தருவீர்களா? சொந்தப் போனைப் பயன்படுத்த மாட்டேன் என்பது நியாயமான நிலைப்பாடுதான். அதற்கு மாற்று வழி தர வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. மேலும், அந்த மாற்று வழி பாதுகாப்பில் ஆப்பைவிட ஒரு படி மேலானது. காரணம் பின்னால் வருகிறது.

6 இலக்க எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் அதில் வரும் சிக்கல்கள் பாதி தீர்ந்துவிடும். க்யூஆர் படத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் பிரதி ஒன்று சர்வரிலும் இருக்கும். அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒருமுறை இரு பக்கமும் தனித்தனியாக ஒரே எண்ணைக் கணக்கிடுகின்றன. 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற தரநிலை இது. எனவே சரியான எண் போட்டும் ‘தவறு’ என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது போனின் கடிகாரம். பெரும்பாலான சர்வர்கள் முன்னும் பின்னும் ஒரு 30 விநாடியை ஏற்றுக்கொள்ளும், அதற்கு மேல் விடாது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய் இறங்கியதும் சிலர் நேர மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் கையால் திருப்பிவிடுவார்கள். திரையில் உள்ளூர் நேரம் சரியாகத் தெரியும். உள்ளே உலகப் பொது நேரம் சில மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். அன்று முழுவதும் ஓர் எண்கூடச் செல்லாது. ‘தானியங்கி நேரம்’ என்ற அமைப்பை மீண்டும் போட்டால் உடனே சரியாகும்.

இன்னொரு பிழை இதைவிட மோசமானது: க்யூஆர் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது. அந்தப் படம்தான் சாவி. அது கேலரியில் சேர்ந்து, அங்கிருந்து கிளவுடுக்குப் போய்விட்டால், அந்தக் கிளவுடு கணக்கைத் திறக்கும் எவரும் உங்கள் எண்ணை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கிக்கொள்ளலாம். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதைத் தனக்குத்தானே மடலில் அனுப்பிக்கொள்பவர்களும் உண்டு. அந்த மடல் பெட்டியைத்தானே பூட்டப் பார்க்கிறோம்!

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி இந்த வரிசையில் கடைசி இடம். சிம்மை வேறொருவர் பெயர் சொல்லி மாற்றி வாங்கிவிட முடியும். தொலைபேசி வலையமைப்பின் பழைய சமிக்ஞை முறையிலேயே செய்தியைத் திருப்பிவிடும் ஓட்டைகள் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2017-இலேயே இதைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய முறையாக வகைப்படுத்திவிட்டது. (90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வழக்கத்தையும் அதே ஆவணம்தான் வேண்டாம் என்றது. இரண்டாம் படியைக் கட்டாயமாக்கும் பல்கலைக்கழகம் அந்தப் பழைய விதியையும் பிடித்துக்கொண்டிருந்தால், அதை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.) இருந்தாலும், எஸ்எம்எஸ் தவிர வேறு வழியே தரப்படவில்லை என்றால் அதையாவது போடுங்கள். ஒன்றும் இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

எவ்வளவு மேல்? கூகுள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் எண் தானியங்கி நிரல்களின் தாக்குதலை முழுவதும், மொத்தமாக வீசப்படும் பிஷிங்கில் (போலி மடல், போலிப் பக்கம் வழியாக ஏமாற்றித் திருடுவது) 96 சதவீதத்தை, ஒருவரைக் குறிவைத்து நடக்கும் தாக்குதலில் 76 சதவீதத்தைத் தடுத்தது. போனில் வரும் அறிவிப்புக்கு இவை 100, 99, 90. பாதுகாப்புச் சாவிக்கு மூன்றிலும் 100. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் சொன்ன ‘99.9 சதவீதம்’ என்ற எண்ணையும் எல்லாச் சுற்றறிக்கைகளிலும் பார்த்திருப்பீர்கள். இந்த எண்களில் உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை மட்டும்தான்: சாவி முதலில், அறிவிப்பும் ஆப்பும் அடுத்து, எஸ்எம்எஸ் கடைசி. சதவீதங்களை இன்றைக்கு அப்படியே நம்ப முடியாது. உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்து திருடும் கருவிகள் (பின்னால் விளக்குகிறேன்) இவ்வளவு மலிவாகப் பரவும் முன் அளந்தவை அவை.

அறிவிப்பு முறையில் ‘ஆம்’ என்ற ஒரே பொத்தான் இருந்த காலத்தில், பாஸ்வேர்டைத் திருடியவன் நடு இரவில் அறிவிப்பு மேல் அறிவிப்பாக அனுப்புவான். தூக்கக் கலக்கத்திலோ சலித்துப்போயோ ஒருமுறை அழுத்திவிட்டால் போதும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவன் நுழைந்தது இப்படித்தான். மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டரில், லாகின் திரையில் தெரியும் 2 இலக்க எண்ணைப் போனில் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற முறையை 2023 மே மாதத்திலிருந்து கட்டாயமாக்கியது அதன் பிறகுதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆப் இன்னும் எண் கேட்காமல் வெறும் ‘ஆம்’ கேட்டால் அது பழைய அமைப்பு. எப்படியிருந்தாலும் ஒன்று நிச்சயம்: நீங்கள் லாகின் செய்யாதபோது அறிவிப்பு வந்தால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது. மறுப்பதோடு நிறுத்தாமல் அப்போதே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இன்றைய போலிப் பக்கம் பாஸ்வேர்டை வாங்கி எழுதிவைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. அது உண்மையான லாகின் பக்கத்தை இடையில் நின்று உங்களுக்குக் காட்டுகிறது. நீங்கள் போடும் பாஸ்வேர்டு அந்த நொடியே உண்மையான சர்வருக்குப் போகிறது. சர்வர் 6 இலக்க எண் கேட்கிறது, போலிப் பக்கமும் கேட்கிறது, நீங்கள் போடுகிறீர்கள், அதுவும் போகிறது. 2 இலக்க எண் முறையும் இதில் உதவாது, ஏனென்றால் உண்மையான சர்வர் காட்டிய எண்ணைத்தான் போலிப் பக்கம் உங்களுக்குக் காட்டுகிறது. லாகின் முடிந்ததும் சர்வர் ஒரு செஷன் குக்கீ தருகிறது. அது மண்டப வாசலில் கட்டிவிடும் கைப்பட்டை மாதிரி; அதை அணிந்தவரிடம் உள்ளே யாரும் மறுபடி அடையாளம் கேட்பதில்லை. நடுவில் நின்றவன் எடுத்துக்கொள்வது அந்தப் பட்டையைத்தான். இதே வகையில் 2021 செப்டம்பரிலிருந்து 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்த ஒரு வேலையை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் வெளிப்படுத்தியது.

பாஸ்கீயும் (போனிலோ கணினியிலோ சேமிக்கப்படும் டிஜிட்டல் சாவி) யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் இதை உடைக்கின்றன. இரண்டுக்கும் அடிப்படை 2019-இல் தரநிலையான வெப்ஆத்தன். பதிவு செய்யும்போது அதற்குள் ஒரு ஜோடி டிஜிட்டல் சாவிகள் உருவாகின்றன. பொதுச் சாவி மட்டும் சர்வருக்குப் போகும், ரகசியப் பாதி சர்வருக்குப் போவதே இல்லை. லாகின் செய்யும்போது சர்வர் அனுப்பும் சவாலுக்குச் சாவி கையொப்பமிடுகிறது. எந்த முகவரிக்குக் கையொப்பமிட வேண்டும் என்று தீர்மானிப்பது பிரவுசர், நீங்கள் இல்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிரவுசர் அந்தச் சாவியை எடுக்காது. நீங்கள் முழுதாக ஏமாந்து, எல்லாப் பொத்தானையும் அழுத்தினாலும் போலிப் பக்கத்துக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. மனிதக் கண்ணை நம்பாத ஏற்பாடு என்பதால்தான் இதற்கு முதலிடம்.

ஆனால் இதிலும் ஒரு கதவு திறந்தே கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். பாஸ்கீ பதிந்திருப்பீர்கள், பழைய எஸ்எம்எஸ்ஸும் கணக்கில் அப்படியே இருக்கும். போலிப் பக்கம் பாஸ்கீயைக் கேட்காமல் ‘வேறு வழியில் முயற்சி செய்’ என்பதைத் தானே தேர்ந்தெடுத்து எஸ்எம்எஸ் எண்ணைக் கேட்கும். கணக்கின் பலம், அதில் அனுமதிக்கப்பட்ட மிகப் பலவீனமான முறையின் பலம்தான். எனவே இரண்டு பாஸ்கீயோ இரண்டு சாவியோ பதிந்த பின், அமைப்பு அனுமதித்தால் எஸ்எம்எஸ்ஸை நீக்கிவிடுங்கள்.

கிளவுடு வழியாக எல்லாச் சாதனங்களுக்கும் போகும் பாஸ்கீ போதுமா, ஒரே சாதனத்தில் பூட்டப்பட்ட சாவிதான் வேண்டுமா என்பதில் நிபுணர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சாதாரண மாணவர், ஆசிரியர் கணக்குக்கு முதலாவது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. மதிப்பெண் பதிவேடு, சம்பளம், நோயாளிகளின் தரவு, சர்வர் நிர்வாகம் ஆகியவற்றைத் தொடுபவருக்குத் தனிச் சாவிதான் ஏற்றது. தனிச் சாவி வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதைத் திறக்கும் ரகசிய எண்ணை (PIN) தொடர்ந்து 8 முறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். முழுதாக அழித்துத்தான் மறுபடி பயன்படுத்த முடியும்; உள்ளே பதிந்திருந்த எல்லா லாகினும் போய்விடும். 3 முறை தவறினால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். இரண்டாவது சாவியை வாங்கிய அன்றே பதிந்து, முதல் சாவியோடு ஒரே பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.

உள்ளே வந்தவன் என்ன செய்வான் என்பதற்கு ஓர் அண்மைய உதாரணம். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தைத் திருப்பிவிடும் ஒரு கும்பலைப் பற்றியது. 3 பல்கலைக்கழகங்களில் 11 கணக்குகளைப் பிடித்து, அவற்றிலிருந்து 25 பல்கலைக்கழகங்களில் கிட்டத்தட்ட 6,000 முகவரிகளுக்கு மடல் போட்டிருக்கிறார்கள். வளாகத்தில் தொற்று, வகுப்பறை ஒழுங்கீனப் புகார் என்று திறக்காமல் இருக்க முடியாத தலைப்புகள். இடையில் நின்று குக்கீயை எடுத்ததும் செய்த முதல் வேலை, மடல் பெட்டியில் ஒரு விதி எழுதியது: சம்பள மென்பொருளிலிருந்து வரும் எச்சரிக்கை மடல்கள் வந்தவுடன் அழிந்துவிட வேண்டும். பிறகு வங்கிக் கணக்கை மாற்றினார்கள். கூடவே தங்கள் போன் எண்ணையே அந்தக் கணக்கின் இரண்டாம் படியாகப் பதிந்துகொண்டார்கள். அதன் பிறகு உரியவர் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவர்கள் கையில் ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும்.

லாகின் பக்கத்தைத் தொடாமலே உள்ளே போகும் வழிகளும் பல்கலைக்கழகங்களில் மற்ற இடங்களைவிட அதிகம். பழைய ஐமேப், பாப் முறையில் மடல் எடுக்கும் மென்பொருளுக்கு இரண்டாம் படி என்றால் என்னவென்றே தெரியாது. பாஸ்வேர்டு மட்டும் போதும். மைக்ரோசாஃப்ட் தன் கிளவுடு மடலில் இதை 2022 அக்டோபரிலிருந்து மூடத் தொடங்கியது. துறை அளவில் சொந்த மடல் சர்வர் வைத்திருப்பவர்களிடம் இன்னும் திறந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபையில் இரண்டாம் படி கிடையாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அங்கே போடுவதும் அதே முதன்மைப் பாஸ்வேர்டுதான். போனில் ‘சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், எடுரோம் என்ற பெயரில் எவன் ஓர் அணுகுமுனையை வைத்தாலும் போன் அதோடு பேசத் தொடங்கிவிடும். சில அமைப்புகளில் பாஸ்வேர்டு அப்படியே போய்ச் சேரும், சிலவற்றில் உடைக்கக்கூடிய வடிவத்தில். கையால் அமைக்காமல் பல்கலைக்கழகம் தரும் எடுரோம் நிறுவியைப் பயன்படுத்தினால், சர்வர் பெயரும் சான்றிதழும் சரியாக அமைந்துவிடும்.

உயர்திறன் கணினிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியை இயக்கும் குறியாக்க இணைப்பு) வழியாகப் போகிறவரானால் இதையும் கேளுங்கள். 2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் பல சூப்பர் கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. எடின்பரோவின் ஆர்ச்சர் அவற்றில் ஒன்று. அதன் பயனர் அனைவரின் பாஸ்வேர்டுகளும் சாவிகளும் செல்லாதவையாக்கப்பட்டன. ஒரு மையத்தின் பயனர் வேறு மையத்திலும் கணக்கு வைத்திருப்பார். திருடிய எஸ்எஸ்எச் விவரங்களை வைத்து அந்தப் பாதையிலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார்கள். உங்கள் எஸ்எஸ்எச் சாவிக் கோப்புக்குக் கடவுத்தொடர் (அதைத் திறக்கும் பாஸ்வேர்டு) இல்லை என்றால் இன்றே போடுங்கள். பழைய சாவிக்கே சேர்க்கலாம், புதிது உருவாக்க வேண்டியதில்லை. ரகசியச் சாவியைச் சர்வரில் நகலெடுத்து வைக்காதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற எஸ்எஸ்எச் மென்பொருளின் 8.2 பதிப்பிலிருந்து யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியிலேயே எஸ்எஸ்எச் சாவியை வைத்துக்கொள்ளலாம். இரு முனையிலும் அந்தப் பதிப்போ புதியதோ இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. ஆய்வுத் தரவு பெரும்பாலும் லாகினுக்குப் பின்னால் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. நுண்ணோக்கியோடு இணைந்த பழைய விண்டோஸ் கணினியில் ஒரு பிரதி, அதிலிருந்து எடுத்த யூஎஸ்பியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, ‘இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம்’ என்று நெறியாளருக்குப் பகிர்ந்த கிளவுடு கோப்பு ஒன்று. இவற்றில் எதையும் எம்எஃப்ஏ தொடுவதில்லை. ஒருநாள் உட்கார்ந்து பகிர்ந்த இணைப்புகளைத் திறந்து, எவருக்கும் என்பதைப் பெயர் குறிப்பிட்ட நபருக்கு என்று மாற்றுவது, புதிய ஆப் போடுவதைவிட அதிகப் பயன் தரும். மடிக்கணினியின் வட்டை முழுதாகக் குறியாக்கம் செய்யுங்கள்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். மீட்புச் சாவியை அதே மடிக்கணினிக்குள் கோப்பாக வைத்தால் பிரயோஜனமில்லை. தாளில் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால், பெயரையும் எண்ணையும் இணைக்கும் அட்டவணையைத் தரவோடு ஒரே ஃபோல்டரில் வைக்கக்கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டானியா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டார். பகுப்பாய்வுக்கு வயது போதும் என்றால் பிறந்த தேதியை வைத்திருக்காதீர்கள்.

பிரதி விஷயத்தில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் தன் அனுபவத்தை வெளிப்படையாகச் சொன்னது. 2019 அக்டோபரில் ஒரு பிஷிங் மடல் வழியாக உள்ளே வந்தவர்கள், டிசம்பர் 23 அன்று 267 சர்வர்களைப் பூட்டினார்கள். பேக்கப்புகளில் சிலவும் இணையத்தோடு இணைந்தே இருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீட்டார்கள். கிளவுடோடு ஒத்திசையும் ஃபோல்டர் பேக்கப் ஆகாது. மடிக்கணினியில் கோப்பு கெட்டால் கெட்ட கோப்பே மேலே போகும். குறைந்தது ஒரு பிரதி, எழுதி முடித்ததும் கழற்றி வைத்த வட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

நீங்கள் என்ன செய்தாலும் தடுக்க முடியாதவையும் உண்டு. 2023-இல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஓட்டை வழியாக அமெரிக்காவின் தேசிய மாணவர் தரவு மையம் தாக்கப்பட்டது. அதனால் ஏறக்குறைய 900 கல்லூரிகள் பாதிக்கப்பட்டன. மாணவர் எவருடைய பாஸ்வேர்டும் அதற்குத் தேவைப்படவில்லை. உங்கள் தரவு யாரிடமெல்லாம் போகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கு மேல் அது நிறுவனத்தின் வேலை.

நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது போன் மாற்றும் நாள். பழைய போனை விற்கவோ அழிக்கவோ செய்யும் முன், புதிய போனைப் பதிந்து, அதை வைத்து ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்து பாருங்கள். அறிவிப்பு ஆப்பின் கிளவுடு பேக்கப், சொந்தக் கணக்குகளை மீட்டாலும் நிறுவனக் கணக்கை அநேகமாக மீட்காது. பெயர் தெரியும், வேலை செய்யாது. பதிவின்போது தரும் ஒருமுறை எண்களை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் போன் தண்ணீரில் விழுந்தால் அந்தத் தாள்தான் வழி. அதுவும் இல்லாமல் உதவி மையத்துக்குப் போனால், நேரில் வா, அடையாள அட்டை காட்டு என்பார்கள். கோபப்படாதீர்கள். போனில் கேட்டதும் மாற்றிக் கொடுக்கும் உதவி மையம், உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்பவனுக்கும் மாற்றிக் கொடுக்கும். வகுப்பறைக் கணினியிலும் நூலகக் கணினியிலும் ‘இந்தச் சாதனத்தை 30 நாள் நினைவில் வை’ என்பதைத் தொடாதீர்கள். பிரவுசரின் தனிச் சாளரத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: போலிப் பக்கத்தில் எல்லாம் போட்டுவிட்ட பிறகு சந்தேகம் வந்தால் என்ன செய்வது? இங்கே வரிசை முக்கியம். முதலில் கணினி மையத்துக்குப் போன் செய்து, எத்தனை மணிக்கு எந்த இணைப்பைத் தட்டினீர்கள் என்று சொல்லுங்கள், மடலை அழிக்காதீர்கள். அடுத்து வேறொரு சாதனத்திலிருந்து ‘எல்லா இடத்திலும் வெளியேறு’ என்பதைச் செய்து, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு மாற்றம் மட்டும் எல்லா அமைப்புகளிலும் திருடிய குக்கீயைச் செல்லாததாக்குவதில்லை. எல்லா இடத்திலும் வெளியேறிய பிறகும் சில சேவைகளில் சுமார் ஒரு மணி நேரம் அது உயிரோடு இருக்கலாம். அதனால் இந்தச் சோதனைகளை உடனே ஒருமுறையும், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள்: இரண்டாம் படிப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத போனோ சாவியோ இருக்கிறதா, மடல் பெட்டியில் நீங்கள் எழுதாத விதி இருக்கிறதா, வெளி முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் அமைப்பு இருக்கிறதா, கணக்கோடு இணைந்த ஆப்களில் புதிதாக ஏதும் அனுமதி வாங்கியிருக்கிறதா. சம்பளமோ உதவித்தொகையோ அந்த லாகின் வழியாக வருமானால், வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கங்களையும் பார்த்துவிடுங்கள்.